விலை ஏறாது என்று சொன்னவள்

மேல்விஷாரத்தில் எங்கள் தெருவுக்குப் பைப் கேஸ் வருவதற்கு முன்னால் கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். டை கட்டிய இரண்டு பேர் கையில் நோட்டீஸோடு பத்து நாள் அலைந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு எந்த வீட்டிலும் ஆண்கள் இருக்கமாட்டார்கள். தோல் பதனிடும் டேனரிக்கோ கடைக்கோ ஆற்காட்டுக்கோ போயிருப்பார்கள். வாசல் திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "வீட்ல ஆம்பளைங்க இல்ல, சாயங்காலம் வாங்க" என்று சொல்லும். சாயங்காலம் வந்தால் ஆண்கள், "அடுப்பு விஷயம் எங்களுக்கு இன்னா தெரியும், உள்ள கேட்டுச் சொல்றோம்" என்பார்கள். பத்து நாளில் நான்கு வீடுதான் தேறியது.

மூன்றாவது முறை அவர்கள் அனுப்பியது ரஃபத் ஜஹானை.

ரஃபத் எங்கள் எதிர்வரிசையில் ஆறாவது வீடு. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். கணவன் சமீருல்லா ஒரு டேனரியில் ஸ்ப்ரே செக்‌ஷனில் இருந்தான். பதம் செய்த தோலுக்கு நிறம் ஏற்றுகிற வேலை. அவள் வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அப்பர் என்று பெயர். வெட்டிய தோலை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். பெண்கள் ஊசி வைத்துக் கையால் தைப்பார்கள். கொரோனா வந்த வருஷம் மூட்டை வருவது நின்றுபோனது. மறுபடி வர ஆரம்பித்தபோது பாதிதான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் கேஸ் கம்பெனியின் சூப்பர்வைசர் வசந்த் அவள் வீட்டு வாசலுக்கு வந்தான். வாலாஜாப்பேட்டைக்காரன். ரஃபத் திரைக்குப் பின்னால் நின்றபடியே அவனைக் கேள்வி கேட்டாள். குழாய் எந்தப் பக்கமாக வரும், சுவரில் ஓட்டை போட்டால் பூசிக் கொடுப்பீர்களா, வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால் டெபாசிட் யாருக்கு, கசிந்தால் வாசனை வருமா, வந்தால் யாரைக் கூப்பிடுவது. வசந்த் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, இத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல எங்க ஆபீஸ்லயே ஆள் இல்ல. நீங்களே வேலைக்கு வந்துடுங்களேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். மறுநாள் காலை சமீருல்லாவிடமிருந்து அவனுக்குப் போன் வந்தது. "சார், என் வீட்ல கேக்கச் சொன்னாங்க. நேத்து சொன்ன அந்த வேலை நெஜமாவே இருக்குதா?"

இருந்தது. ராணிப்பேட்டையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வால்வை எப்படி மூடுவது, விண்ணப்பத்தைப் போனில் எப்படி ஏற்றுவது, இதெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீடுகளில் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அச்சடித்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஏழாவது கேள்வி, 'விலை ஏறுமா?' பதில், 'சிலிண்டர் விலை அடிக்கடி ஏறும். பைப் கேஸ் விலை நிலையானது.' ரஃபத் அதை மனப்பாடம் செய்துகொண்டாள்.

ஆனால் அவள் வீடுகளில் பேசியது அந்தத் தாளில் இல்லாத விஷயங்களை. சிலிண்டர் போடுகிற ஆள் வரும்போதெல்லாம் பெண்கள் அடுத்த அறைக்குள் போய் நிற்கவேண்டியிருக்கிறது. அவன் சமையலறை வரை வந்து சிலிண்டரை உருட்டி வைத்து, ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவரை அடுப்பில் இருப்பது தீய்கிறது. நோன்பு மாதத்தில் கஞ்சி கொதிக்கும்போது கேஸ் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் போய் நிற்கவேண்டும். இதையெல்லாம் அவள் சொன்னபோது எந்த வீட்டிலும் மறுத்துப் பேச ஆளில்லை.

ஆனாலும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அக்தரி பேகம் போடுறாங்களா?"

அக்தரி பேகம் தெருமுனைப் பெரிய வீட்டுக்காரர். அறுபது வயதைத் தாண்டியவர். தோல் மண்டி வைத்திருந்த கணவர் இறந்த பிறகு மண்டியை மகன்கள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டை அவர் பார்த்துக்கொண்டார். நான்கு மகன்கள், மூன்று மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று பதினான்கு பேருக்கு ஒரே சமையல். ஒரு விஷயத்துக்கு அவர் சரி என்று சொன்னால் அந்தத் தெருவில் பாதி வேலை முடிந்துவிடும். ரஃபத் அவரைக் காலா என்று கூப்பிடுவாள். ரத்த உறவு இல்லை, முறைக்குச் சின்னம்மா.

"ரோட்டைத் தோண்டுவான். மூடுவானா?" என்று ஆரம்பித்தார் அக்தரி பேகம்.

"மூடலைன்னா நானே வந்து நிக்கிறேன் காலா."

"வெடிச்சா?"

"இது காத்தை விட லேசு. கசிஞ்சா மேல போயிடும். சிலிண்டர் கேஸ்தான் தரையிலேயே தங்கும். ஜன்னல் மட்டும் திறந்திருக்கணும்."

"சரி. விலை?"

"சிலிண்டர் ஏறிக்கிட்டே இருக்குது. இது ஏறாது காலா."

அக்தரி பேகம் அவள் முகத்தைப் பார்த்தார். "இதைக் கம்பெனி சொல்லுதா, நீ சொல்றியா?"

ரஃபத் யோசிக்கவே இல்லை. "நான் சொல்றேன்."

அந்த வாரத்துக்குள் மூன்று தெருக்களில் அறுபத்து மூன்று வீடுகள் கையெழுத்துப் போட்டன. எங்கள் வீடும் அதில் ஒன்று. நான் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாலு தாளைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு நானும் படிக்கவில்லை. ரஃபத் சொன்னாள் என்பது போதுமாக இருந்தது.

தெருவைத் தோண்டி மஞ்சள் குழாயைப் புதைத்தார்கள். மூன்று வாரம் கழித்து மூடவும் செய்தார்கள். அடுப்பில் கேஸ் வரும் துளையைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். முதல் மாதம் எல்லோருக்கும் தீ மந்தமாக எரிவதாகத் தோன்றியது. அக்தரி பேகத்தின் கடைசி மருமகள் உமைமா, "இதுல பால் வெச்சுட்டுத் தொழுதுட்டே வந்துடலாம்" என்று சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. சிலிண்டர் ஆள் வராத சமையலறையில் பெண்கள் தலையில் துப்பட்டா இல்லாமல் நிம்மதியாக நின்றார்கள். உமைமா அதைப் பல பேரிடம் சொன்னாள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் ஆரம்பித்தது. டிவியில் உடைந்த கட்டடங்களைக் காட்டினார்கள். எங்கள் தெருவில் எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். வேலூரிலிருந்து அங்கே மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வருவதைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சண்டையையும் எங்கள் அடுப்பையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் நோன்பு. மே முதல் வாரத்தில் பெருநாள் முடிந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து இரண்டு மாதத்துக்கான பில் வந்தது. அக்தரி பேகம் ரஃபத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா ரஃபத் இது? போன தடவையை விட இவ்வளவு ஜாஸ்தி?"

ரஃபத் பில்லை வாங்கிப் பார்த்தாள். எரிந்த அளவு கூடியிருந்தது, அது உண்மை. நோன்பு மாதத்தில் இரண்டு வேளைச் சமையல் நான்கு வேளையாகிவிடும். ஆனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று போட்டிருந்த இடத்திலும் எண் மாறியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நோம்பு மாசம் காலா. ஜாஸ்தி எரிஞ்சிருக்கும்" என்றாள்.

அக்தரி பேகம் தலையாட்டினார். ரஃபத் வீட்டுக்கு வந்து தன் பில்லை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அதே எண். ஒரு தடவைதானே, அடுத்த பில்லில் இறங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இதை அவள் பிற்பாடு எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது என்னை நேராகப் பார்க்கவில்லை.

இறங்கவில்லை. ஆகஸ்டில் மறுபடி ஏறியது. இந்த முறை நோன்பும் இல்லை, பெருநாளும் இல்லை. எதன் மேலும் பழி போட முடியாது. தெருவில் அவள் நடந்தால் பெண்கள் ஸலாம் சொன்னார்கள், ஆனால் நின்று பேசவில்லை. ஒரு வீட்டில், "உனக்குக் கம்பெனி இன்னா தருது ரஃபத், எங்ககிட்ட வாங்கறதுல பாதியா?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் அவள் பஸ் ஏறி ராணிப்பேட்டை ஆபீஸுக்குப் போய் வசந்த் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏன் ஏறுது?"

"இன்டர்நேஷனல் மார்க்கெட் அக்கா. நம்ம கையில இன்னா இருக்குது?"

"அது எங்க இருக்குது?"

வசந்த் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஒரு பழைய விண்ணப்பத்தைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் படம் வரைந்து, தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். நம் நாட்டில் கிடைக்கும் கேஸ் பாதித் தேவைக்குத்தான் வரும். மீதி கப்பலில் வருகிறது. கேஸைக் கடுமையாகக் குளிரவைத்தால் தண்ணீர்போல ஆகிவிடும். கத்தார் மாதிரி இடங்களில் அப்படிக் கப்பலில் ஏற்றி எண்ணூரில் இறக்குகிறார்கள். அங்கிருந்து டேங்கர் லாரியில் இந்தப் பக்கம் வருகிறது. ஐரோப்பாவுக்கு இத்தனை வருஷமாக ரஷ்யாவிலிருந்து குழாயிலேயே கேஸ் போய்க்கொண்டிருந்தது. சண்டை வந்ததும் அது குறைந்துவிட்டது. குளிர்காலத்துக்குப் பயந்து அவர்கள் உலகத்தில் கிடைக்கும் கப்பலையெல்லாம் அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

"நமக்கு வரவேண்டிய கப்பல்லயே சிலது அங்க திரும்பிடுச்சாம் அக்கா. பேப்பர்ல போட்டிருந்தான். கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட சரக்கு. அபராதம் கட்டிட்டு அங்க வித்துட்டாங்களாம். அபராதம் போக மிச்சமே லாபம்தானாம்."

ரஃபத் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசி முடிச்ச தோலை இன்னொருத்தனுக்கு ஏத்திவிடறதா? எங்க ஊர் மண்டியில அப்படிப் பண்ணா அடுத்த நாள் அவன்கிட்ட எவனும் சரக்கு வாங்கமாட்டான்."

"இது மண்டி இல்லியே அக்கா."

"மண்டிதான். நமக்குக் கடைசி வரிசை, அவ்வளவுதான்." அந்தத் தாளை மடித்துக்கொண்டே கேட்டாள். "இதையெல்லாம் ட்ரெயினிங்ல ஏன் எங்களுக்குச் சொல்லல?"

"எனக்கே யாரும் சொல்லல அக்கா" என்றான் வசந்த். அவன் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

அக்டோபரில் சமீருல்லாவின் டேனரியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து, குஸ்காவும் தால்ச்சாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவன் விஷயத்தைச் சொன்னான்.

"ஜெர்மனிக்காரன் ஆர்டரைப் பாதியாக்கிட்டான். மேனேஜர் சொன்னாரு, அங்க குளிருக்கு வீட்டைச் சூடு பண்ணணும் இல்ல, அந்த கேஸ் பில்லுக்கே சம்பளம் போயிடுதாம். புது ஷூ எவன் வாங்குவான்னு கேக்கறாரு."

ரஃபத்தின் கை தட்டிலேயே நின்றது. "நமக்கு வரவேண்டிய கப்பலை அவங்கதானே வாங்கிட்டாங்க?"

"வாங்கினான். வாங்கியும் அவனுக்குப் பத்தல."

"அப்போ இங்க பில்லும் ஏறுது, உங்க வேலையும் கம்மியாவுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்."

"ஆமாம். பேஜார்தான்."

ரஃபத் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் தால்ச்சா ஊற்றினாள். பிறகு அவள் சொன்னாள். "அந்த ஊர்லயும் ஒருத்தி பில்லைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பா இல்ல? அவகிட்ட யாரு போய் இன்னா சொல்லியிருப்பாங்க?"

சமீருல்லா தட்டோடு எழுந்து கை கழுவப் போனான்.

அன்று சாயங்காலம் அவள் தம்பி காஷிஃப் கத்தாரிலிருந்து போன் செய்தான். கேஸைக் குளிரவைத்துக் கப்பலில் ஏற்றும் இடத்தில் சாரம் கட்டும் வேலை அவனுக்கு. அவன் குரலில் உற்சாகம். அக்காவை அவன் ஆபா என்று அழைப்பான்.

"ஆபா, இங்க வேலை கொட்டுது. ஓவர்டைம் எவ்வளவு வேணும்னாலும் பார்க்கலாம். எல்லா நாட்டுக்காரனும் வந்து நிக்கறான். புதுசா பெரிய பிளான்ட் கட்டறாங்க. அது முடிஞ்சா கேஸ் ஜாஸ்தி ஆயிடும், விலை தானா இறங்கிடும்னு இன்ஜினியருங்க பேசிக்கறாங்க. நீ உங்க தெருவுல சொல்லிடு."

"எப்போ முடியும்?"

"மூணு நாலு வருஷம் ஆவும்."

"நீ பாத்துச் சொல்றியா, யாரோ சொன்னதைச் சொல்றியா?"

"யாரோ சொன்னதுதான்."

"அப்படின்னா நான் சொல்லமாட்டேன்" என்றாள் ரஃபத்.

அந்த மாதம் காஷிஃப் வழக்கத்தைவிட அதிகமாகப் பணம் அனுப்பினான். கணவனின் பாதி நாள் வேலை அந்தப் பணத்தால் வெளியே தெரியாமல் போனது. எந்தக் காரணத்தால் புருஷனுக்கு வேலை குறைந்ததோ அதே காரணத்தால்தான் தம்பிக்கு வேலை கூடியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அதற்காகச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்றுதான் தெரியவில்லை என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

நவம்பரில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அறுபத்து மூன்று வீட்டுக்கும் திரும்பப் போவது. கேட்டதும் வசந்த் பதறினான்.

"அக்கா, சும்மா இருக்கறவங்களை நீங்களே போய்க் கிளப்பிவிடுவீங்களா? ரெண்டு மாசத்துல அவங்களே பழகிடுவாங்க."

"பழகிடுவாங்க. ஆனா நான் அந்தத் தெருவுலதானே இருக்கறேன்."

ஒன்பது நாள் நடந்தாள். ஒரு நாளைக்கு ஏழு வீடு. எல்லா வீட்டிலும் அவள் சொன்னது ஒன்றுதான். விலை ஏறாது என்று நான் சொன்னேன், அது தப்பு. எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். ஏன் ஏறுகிறது என்று இப்போது கொஞ்சம் தெரியும், கேட்டால் சொல்கிறேன். இனிமேல் ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் நானே ஃபாரம் எழுதித் தருகிறேன்.

சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில், இதைச் சொல்ல நீ வந்ததே கம்பெனியின் ஏதோ தந்திரம் என்றார்கள். கண் சரியாகத் தெரியாத ஒரு வயதான அம்மாள், "பில்லா? எந்த பில்லு? அதெல்லாம் பையன் போன்லயே கட்டிடறான், நீ உக்காந்து டீ குடி" என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார். இன்னொரு வீட்டில் கப்பல் கதையைக் கேட்ட பெண், மாமியாரையும் நாத்தனாரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான், "பரவாயில்லை ரஃபத், உலகம் பூரா ஏறியிருக்கு" என்றேன்.

"ஏறினதுக்காக நான் வரலைங்க. மே மாசமே பில்லைப் பாத்தேன். பாத்துட்டுப் பேசாம இருந்துட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

முதலில் போயிருக்க வேண்டிய வீட்டுக்கு அவள் கடைசியாகத்தான் போனாள். ஒன்பதாம் நாள் மதியம், அக்தரி பேகத்தின் சமையலறை. அவர் மணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உமைமா அடுப்பருகே நின்றிருந்தாள். ரஃபத் சொல்லி முடிக்கும்வரை அவர் தலை நிமிரவில்லை.

"மே மாசம் நோம்பு மேல பழி போட்ட."

"ஆமா காலா."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"பில்லைப் பாத்ததும் தெரிஞ்சுது."

"தெரியலைன்னு இன்னிக்குச் சொல்ற மாதிரி கையெழுத்து வாங்கின அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போட்டிருக்கமாட்டேனா? அப்பவும் போட்டிருப்பேன். மருமகளுங்க மூணு பேரும் கெஞ்சினாங்க, போட்டிருப்பேன்." அவர் குரல் உயரவில்லை. "நீ சொன்னேன்னு நான் நாலு வீட்டுக்குச் சொன்னேன் ரஃபத். அந்த நாலு வீட்டுக்கு நான் இப்ப இன்னா சொல்றது?"

ரஃபத்துக்குக் கண் கலங்கியது. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் காலா. நானே போய்ச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கறேன்."

அக்தரி பேகம் கீரைக் காம்புகளை ஒதுக்கினார். "நிறுத்திடு. எங்க வீட்டுக்கு வேணாம்."

ரஃபத் அங்கேயே உட்கார்ந்து ஃபாரம் எழுதினாள். கையெழுத்து வாங்கினாள்.  ரஃபத் எழுந்தபோது, சுவரில் பதித்த அந்த மஞ்சள் வால்வை உமைமா ஒரு தடவை தொட்டுப் பார்த்ததை அவள் கவனித்தாள். இனி சிலிண்டர் ஆள் மறுபடி உள்ளே வருவான்.

மொத்தம் பன்னிரண்டு வீடுகள் கேஸை நிறுத்தின. கம்பெனியில் வசந்த்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். ரஃபத்தை வேலையை விட்டு நீக்கவில்லை, ஆனால் நான்கு மாதம் அவளுக்குப் புதுத் தெரு எதுவும் கொடுக்கவில்லை. அவள் மறுபடி ஊசியை எடுத்தாள். அப்பர் மூட்டையும் முன்பு போல வரவில்லை. ஐரோப்பாவில் ஷூ விற்காதபோது ஏஜென்ட் மட்டும் எங்கிருந்து கொண்டுவருவார்? ஜனவரியில் டேனரியில் ஸ்ப்ரே செக்‌ஷனையே மூடினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தக் குடும்பம் காஷிஃபின் பணத்தில்தான் நடந்தது. சமீருல்லா அதைப் பற்றிப் பேசமாட்டான். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ராணிப்பேட்டை சிப்காட்டில் கேட் கேட்டாக வேலை விசாரித்துவிட்டு வருவான்.

அந்த மாதங்களில் ரஃபத் ஒரு வேலையை மட்டும் விடவில்லை. கேஸை நிறுத்திய பன்னிரண்டு வீட்டுக்கும் டெபாசிட் திரும்ப வரவேண்டியிருந்தது. அதற்காக ஐந்து தடவை ஆபீஸுக்குப் போனாள். அங்கே அவளைப் பார்த்தாலே கவுன்டரில் இருப்பவர் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுவாராம். பிப்ரவரி கடைசியில் எல்லோருக்கும் பணம் வந்து சேர்ந்தது. அக்தரி பேகத்தின் மகன் மண்டியில் உட்கார்ந்தபடி போனில் அந்த மெசேஜைப் பார்த்து, "வரும்னு நான் நினைக்கவே இல்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதை நானே கேட்டேன்.

2023 மார்ச்சில் சிலிண்டர் விலை ஐம்பது ரூபாய் ஏறியது. ஏப்ரலில் கேஸ் விலையைக் கணக்கிடும் முறையை அரசாங்கம் மாற்றியது. பைப் கேஸ் விலை யூனிட்டுக்குச் சில ரூபாய் குறைந்தது. ஐரோப்பாவிலும் அந்த வருஷம் குளிர் கடுமையாக இல்லை என்றும் கப்பல்களின் விலை இறங்கிவிட்டது என்றும் செய்தி வந்தது. திடீரென்று பைப் கேஸ் வைத்திருந்தவர்கள் புத்திசாலிகளாகிவிட்டார்கள். கேஸை நிறுத்திய வீடுகளில் நான்கு பேர் ரஃபத்தைத் தேடி வந்தார்கள்.

"இன்னிக்குக் கம்மி" என்று சொன்னாள். "நாளைக்கு எனக்குத் தெரியாது. இன்னிக்கு ரேட்டைப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க."

ஒரு சனிக்கிழமை அக்தரி பேகமே அவள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. ரஃபத் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உமைமாவுக்கு வேணுமாம். திருப்பிப் போடு."

"காலா, விலை வந்து..."

"நீ ஒண்ணும் சொல்லாத. நானும் கேக்கறதா இல்ல. நானே பேப்பர் பாத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஆற்காட்டுல என் தங்கச்சி வீட்டுக்கும் ஒரு நாள் போய்ட்டு வா. அவளுக்கு வெளியாளுங்க பேச்சுல நம்பிக்கை இல்ல. நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

ரஃபத் டீ போட எழுந்தாள். சமையலறைக்குள் போய் ஒரு நிமிஷம் ஸ்லாபைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாளாம்.

அந்த வருஷக் கடைசியில் ஆம்பூர்ப் பக்கம் குழாய் பதிக்கும் வேலை தொடங்கியது. அங்கேயும் திரைக்குப் பின்னால் பேச ஆள் வேண்டும். கம்பெனி எட்டுப் பெண்களை எடுத்தது. எல்லோரும் முப்பதும் நாற்பதும் ஆனவர்கள், ஷூ கம்பெனியில் உற்பத்தி லைனைக் குறைத்ததால் வேலை இழந்தவர்கள். பயிற்சி கொடுக்க ரஃபத்தை அனுப்பினார்கள். அதே அச்சடித்த தாள். ஏழாவது பதிலை மாற்றச் சொல்லி அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். ஆபீஸில் யாரும் மாற்றவில்லை. அவள் எல்லோரிடமும் பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கச் சொன்னாள். கூடப் போயிருந்த வசந்த் ஜன்னல் பக்கம் திரும்பி யாருக்கோ போன் செய்ய ஆரம்பித்தான்.

"அதுக்குப் பதிலா இன்னா சொல்றது?" என்று கேட்டாள் பாக்யலட்சுமி என்ற பெண்.

"இன்னிக்கு ரேட் இது. கப்பல்ல வர்ற சரக்கு, உலகத்துல எங்க சண்டை வந்தாலும் மாறும். சிலிண்டரும் அப்படித்தான், அதுவும் பாதிக்கு மேல வெளிநாட்டுலருந்துதான் வருது. ரெண்டுல எது வசதின்னு நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்லுங்க."

"இப்படிச் சொன்னா யாரு சேருவாங்க?"

"கம்மியாத்தான் சேருவாங்க" என்றாள் ரஃபத்.

கம்மியாகத்தான் சேர்ந்தார்கள். மேல்விஷாரத்தில் ஒரு வாரத்தில் முடிந்த வேலைக்கு ஆம்பூரில் இரண்டு மாதம் ஆயிற்று. ஆனால் அதில் ஒரு வீடுகூட இதுவரை நிறுத்தவில்லை என்று வசந்த் சொல்கிறான். அது ரஃபத்தின் பேச்சாலா, விலை பெரிதாக ஏறாததாலா என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

சமீருல்லாவுக்கு சிப்காட்டில் ஷூவுக்கு ரப்பர் அடிப்பாகம் செய்யும் ஒரு யூனிட்டில் வேலை கிடைத்தது. சம்பளம் பழைய வேலையை விடக் கம்மி. எல்லாம் உள்நாட்டு ஆர்டர், ஜெர்மனியை நம்பி இல்லை. ஞாயிறு கட்டாயம் லீவு. போன வருஷம் பழைய டேனரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். ஜெர்மனி ஆர்டர் கொஞ்சம் திரும்பிவிட்டது, ஸ்ப்ரே செக்‌ஷனைத் திறக்கிறோம், வருகிறாயா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவன் சொல்லியனுப்பினான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.